யாருக்கு விற்கப் போகிறோம்?

"நல்ல சாமான், நியாயமான விலை. ஆனாலும் ஓடவில்லையே!" என்று கவலைப்படும் வியாபாரிகள் எம்மத்தியில் அநேகர். குறை சாமானிலா, விலையிலா என்று தேடுவோம். அதை யாருக்காக வாங்கிப் போட்டோம் என்று மட்டும் கேட்க மறந்து விடுவோம். இக்கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால் உலகப் பெரும் நிறுவனமும் சறுக்கும் என்பதற்கு ஜப்பானின் நின்டென்டோ ஓர் உதாரணம்.

2006இல் நின்டென்டோ 'வீ' எனும் வீடியோ கேம் இயந்திரத்தைச் சந்தைக்கு விட்டது. அதன் இலக்கு தெளிவானது: அதுவரை கேம் பக்கமே போகாத தாய்மாரும் வயோதிபர்களும். கையை வீசினாலே டென்னிஸ் ஆடலாம். 10 கோடிக்கும் அதிகமாக விற்பனையானது.

2012 நவம்பரில் அதன் வாரிசாக 'வீ யூ' வந்தது. தொடுதிரை பொருத்திய கைக்கருவி அதன் புதுமை. ஆனால் அது யாருக்கு? பழைய 'வீ' வைத்திருந்தோரில் பலர், இது தம்மிடமுள்ள இயந்திரத்துக்கான மேலதிகக் கருவி என்றே எண்ணினர். பெயரும் அப்படித்தான் இருந்தது. பொழுதுபோக்காக விளையாடுவோருக்குக் கைத்தொலைபேசியே போதுமாயிருந்தது. தீவிர ரசிகர்களோ 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வண் பக்கம் சாய்ந்தனர். இரண்டு தோணியில் கால் வைத்த கதைதான். வாங்குவோர் குறைய, கேம் தயாரிக்கும் ஏனைய நிறுவனங்களும் ஒதுங்கின. கேம் குறைய, வாங்குவோர் மேலும் குறைந்தனர்.

2014 ஜனவரியில், 90 இலட்சம் என்றிருந்த விற்பனை எதிர்பார்ப்பை நிறுவனம் 28 இலட்சமாகக் குறைத்தது. தலைவர் சட்டோரு இவாட்டா சில மாதங்களுக்குத் தன் சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். மொத்த விற்பனை சுமார் 1 கோடி 35 இலட்சத்துடன் நின்றது. 2017இல் வந்த 'சுவிட்ச்', வீட்டிலும் வெளியிலும் விளையாட விரும்புவோருக்கானது என்பது பார்த்தவுடனேயே விளங்கியது. அது 15 கோடியையும் தாண்டி விற்றது.

நின்டென்டோவிடம் நட்டத்தைத் தாங்கக் கையிருப்பு இருந்தது. எம்மில் பலருக்கோ ஒரு பெருநாள் சரக்குத் தேங்கினாலே கொடுத்த காசோலை திரும்பி விடும். பல வருடங்கள் கட்டிக்காத்த நாணயமும் கூடவே போய்விடும். ஆகவே அடுத்த ஓடர் கொடுக்குமுன், அதை வாங்கப் போகிறவரின் வயது, வருமானம், தேவை மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "எல்லோரும் வாங்குவார்கள்" என்பதுதான் பதிலென்றால் சற்றுப் பொறுங்கள். அப்படி நம்பி இறக்கிய சரக்குத்தான் பெரும்பாலும் இறாக்கையில் தூசு படிகிறது.