42.34 மீட்டரில் ஒரு சோதனை பாக்கி

இரண்டாம் உலகப் போரில் உளவாளிகள் சூட்கேசில் ஒளித்துக் கொண்டுபோன ரேடியோக்களை ஐரோப்பாவில் ஹாம் ரேடியோக்காரர்கள் இன்றும் தட்டி ஒட்டி உயிர் கொடுத்து, எத்தனை தூரம் எட்டுகிறது என்று சோதிக்கிறார்கள். வேலையற்ற வேலை என்று தள்ளிவிடாதீர்கள். நம்ம பக்கமும் அப்படி ஒரு சோதனை பாக்கி இருக்கிறது என்பது என் கட்சி.

விஷயத்துக்கு வருவோம். 1942 ஆகஸ்டில் தலைவர்கள் எல்லாம் உள்ளே போனதும், பம்பாயில் 22 வயது உஷா மேத்தாவும் பாபுபாய் காக்கர், சந்திரகாந்த் ஜாவேரி போன்ற நண்பர்களும் காங்கிரஸ் ரேடியோவைத் தொடங்கினார்கள். உளவு ரேடியோ அல்ல, ஆனால் அதே ஆபத்து. தூரத்தில் இருக்கிறவனுக்குக் கேட்கிற சத்தம் பக்கத்தில் இருக்கிற போலீசுக்கும் கேட்கும். திசை காட்டும் கருவியோடு வண்டி சுற்றியது. இவர்கள் வீடு வீடாக மாற்றினார்கள். நவம்பர் 12-ல் பிடிபட்டார்கள். உஷா மேத்தா 1946 வரை இருந்தது இங்கே, நம்ம புனே யெரவாடா சிறையில். நிக்டியில் இருக்கிற எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தெரியும்?

2024-ல் இந்தியில் படமே வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால் "நாடே கேட்டது" என்கிறார்களே, எங்கே வரைக்கும் கேட்டிருக்கும்? மதுரையில் கேட்டிருக்குமா? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சோதிக்கக்கூடிய கேள்வி.

அவர்கள் அறிவித்த அலைவரிசை 42.34 மீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 7,080 கிலோஹெர்ட்ஸ். இன்று ஹாம்களுக்கு விட்டிருக்கும் 7,000–7,200-க்குள் கச்சிதமாக உட்காருகிறது! லைசென்ஸ் உள்ள யாரும் வால்வு செட் ஒன்றைக் கட்டி மும்பையிலிருந்து பேசலாம். பாட்டும் செய்தியும் ஒலிபரப்ப ஹாம்களுக்கு அனுமதி இல்லை. கூப்பிட்டுப் பேசி, எப்படிக் கேட்கிறது என்று விசாரித்தால் போதும். 10 வாட்டில் ஆரம்பித்து 50 வரை ஏற்றிப் பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த அலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்குவது. பகலில் சில நூறு கிலோமீட்டருக்குள் நன்றாக விழும். இருட்டின பிறகு பக்கத்து ஊரைத் தாண்டிக் குதித்துவிடும். ஆக, இரவில் நிக்டியில் கேட்காதது சென்னையில் கேட்கலாம். காங்கிரஸ் ரேடியோ பெரும்பாலும் இரவில் பேசியது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

"1942 சூரியன் வேறு, இன்றைய சூரியன் வேறு" என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நியாயம்தான். அப்போது சூரியப் புள்ளிகள் குறைந்துகொண்டே வந்து 1944-ல் அடி தொட்டன. இப்போதைய சுழற்சியும் 2024 வாக்கில் உச்சம் தொட்டு இறங்க ஆரம்பித்திருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அன்றைய வானத்துக்கு ஓரளவு கிட்டே வருவோம். செட் கட்ட அதுவே சரியான அவகாசம்.

சிஞ்ச்வட் அறிவியல் பூங்காவில் ஒரு ரிசீவர், சென்னையில் ஒன்று, மதுரையில் பெரியப்பா வீட்டு மாடியில் ஒன்று. பிள்ளைகள் நோட்டில் நேரமும் ஊரும் குறிக்கட்டும். கேட்டால் கேட்டது, கேட்காவிட்டால் கேட்கவில்லை. எதுவானாலும், அந்தக் கரகரப்புக்கு நடுவே ஒரு குரலைத் தேடிப் பிடிக்கும்போது, அதற்காக ஒரு பெண் ஏன் சிறைக்குப் போனாள் என்பது படம் பார்ப்பதைவிட நன்றாகவே புரியும்.

என்ன சொல்கிறீர்கள், மக்களே?