உம்மும் அல்லதும் தமிழனுக்குப் புதியனவா?

கொடுமுடியிலிருந்தும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் ஈரோட்டிற்கும் கோவைக்கும் தொழில்நுட்பம் பயிலச் செல்லும் இளைஞருள் பலர், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியிற் பயின்றவர். உழவர், நெசவாளர், கூலியாளர் வீட்டுப் பிள்ளைகள். மேனிலைப்பள்ளி நூல்களில் இருமை எண்களையும் ஏரண வாயில்களையும் தமிழிலேயே தொட்டுப் பார்த்தவர்கள். கல்லூரிக்குள் கால் வைத்ததும், எண்முறை மின்னணுவியல் என்னும் அதே பாடம் தடித்த ஆங்கில நூலாக அவர்கள்முன் வந்து நிற்கின்றது. ஒரு பக்கத்தைக் கடக்க ஓர் இரவு கழிகின்றது. பொருள் விளங்காத இடத்தில் நெட்டுரு நுழைகின்றது. தேர்வில் தோற்றவன், தனக்கு மூளை போதாதென்று தன்னையே நொந்துகொள்கின்றான். குறை அவன் மூளையில் இல்லை. அவன் கையில் திணிக்கப்பட்ட நூலின் மொழியில் உள்ளது.

அப்பாடந்தான் அத்துணைக் கடியதோ? அதன் அடிப்படை இரண்டே நிலைகள்: ஒன்று, சுழியம். 5 வோல்ட்டு மின்வழங்கலில் இயங்கும் டி.டி.எல். வகைச் சில்லு, தன்னுள் வரும் அழுத்தம் 0.8 வோல்ட்டுக்குக் கீழ்ப்படின் சுழியமென்றும், 2 வோல்ட்டுக்கு மேற்படின் ஒன்றென்றும் கொள்ளும். இவ்விரு நிலைகளையும் இணைப்பன மூன்று: உம், அல்லது, இல். இவை தமிழிலக்கணம் கற்ற சிறுவனும் அறிந்த சொற்களே. 7408 என்னும் சில்லினுள் இருப்பவை நான்கு 'உம்' வாயில்கள். 7432இல் இருப்பவை நான்கு 'அல்லது' வாயில்கள். 7404இல் இருப்பவை ஆறு 'இல்' வாயில்கள்.

பவானியில் தொடங்கிக் கொடுமுடிப் பக்கம்வரை ஓடிவரும் காலிங்கராயன் வாய்க்காலின் கரையில் வளர்ந்தவனுக்கு இதனை விளக்க ஆங்கிலம் வேண்டா. ஒரே வாய்க்காலில் ஒன்றன்பின் ஒன்றாக இரு மதகுகள் இருப்பின், முதல் மதகும் இரண்டாம் மதகும் திறந்தால்தான் வயலுக்கு நீர் வரும். அஃது 'உம்' வாயில். வயலுக்கு இரு வேறு வாய்க்கால்கள் இருப்பின், இம்மதகோ அம்மதகோ திறந்தாற் போதும். அஃது 'அல்லது' வாயில். முதல் வயலில் நீர் வரவில்லையெனின், இரு மதகுகளுள் ஒன்றேனும் மூடியிருக்கின்றது என்பதை மடை பார்ப்பவன் நொடியில் உணர்வான். அவ்வுணர்வே நூல்களில் டி மார்கன் தேற்றம் என்னும் பெயரில் அச்சேறியிருக்கின்றது. அப்பேரறிஞர் 1806இல் பிறந்தது மதுரையில். கைக்குழந்தையாகவே இங்கிலாந்து சேர்ந்தார். அவர் காலத்தவரான பூல் 1854இல் எண்ணத்தின் நெறிகளைக் கணக்காக்கினார். அக்கணக்கை மின்சுற்றுகளின் இணைப்பு மாற்றிகளுக்குப் பொருத்தலாம் என்று 1937இல் காட்டினார் அமெரிக்க இளைஞர் சானன்.

இருமைப் பின்னமும் அயலானதன்று. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கும் பழந்தமிழ்க் கணக்கு, இருமை எண்ணிற் புள்ளிக்கு வலப்பக்கம் நிற்கும் இடமதிப்புகளே. தமிழரே கணினியைக் கண்டனர் என்று வெறும்பெருமை பேச இது கூறப்படவில்லை. பிள்ளையின் நெஞ்சில் ஏற்கெனவே உள்ள படியில் ஏறிக் கற்பிக்கலாம் என்பதே கருத்து.

அறிவியலுக்குத் தமிழ் போதாதென்பார்க்கு விடை பழையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து 1873வரை பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் கிரீன், மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அதற்கெனத் தமிழில் நூல்களும் ஆக்கினார். கொங்கு மண்ணின் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது, மின்னணுவியல் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. தமிழாற் கல்லையும் இரும்பையும் கற்பிக்க இயலுமாயின், ஒன்றையும் சுழியத்தையும் கற்பிக்க இயலாதோ?

தமிழிற் கற்றவன் வேலைக்கு ஆகான் என்று அஞ்சுவோரும் உளர். சப்பானியரும் கொரியரும் மின்னணுவியலைத் தம் மொழியிற் கற்றே உலகச் சந்தையில் நிற்கின்றனர். பொருளைத் தாய்மொழியிற் பற்றிக்கொண்டவன், சில்லின் ஆங்கிலக் குறிப்பேட்டை எளிதில் படித்துக்கொள்வான். பொருளே பிடிபடாதவனுக்கு எம்மொழிக் குறிப்பேடும் உதவாது.

ஆயினும் குறை முழுவதையும் அரசின் தலையிலும் ஆங்கிலப் பித்தரின் தலையிலும் ஏற்றிவிடுதல் நேர்மையன்று. தமிழன்பர் செய்த குறையும் ஒன்றுண்டு. டிசிட்டல் என்னும் ஒரு சொல்லுக்கு எண்முறை, இலக்கமுறை, எண்மம், எண்ணிமம் எனப் பல ஆக்கங்கள். தமிழகம் மின்னணுவியல் என்பதை ஈழம் இலத்திரனியல் என்கின்றது. சொல் ஆக்குவார் பலராயினர். அச்சொற்களைக் கொண்டு முதற் பக்கம் தொடங்கி இறுதிப் பக்கம்வரை ஒரு பாடநூலை எழுதி முடிப்பார் அரியர். பட்டியலிற் கிடக்கும் சொல் விதைநெல். நூலில் இறங்கினாலன்றி அது முளையாது.

ஆகவே செய்யத்தக்கது தெளிவு. மின்னணுவியல் ஆசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்க. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என உறுதி செய்க. வாயில்கள் முதல் எண்ணிகள், பதிவகங்கள் வரை, மாணவன் தன் கையாற் கம்பியிணைத்துச் செய்து பார்க்கும் ஆய்வுகளோடு எழுதுக. ஒவ்வோர் இயலையும் அச்சுக்கு அனுப்புமுன் ஒரு சிற்றூர் மாணவனிடம் படிக்கக் கொடுக்க. அவன் தடுக்கிய இடத்தைத் திருத்துக.

அந்நூல் வரும்நாளிற் கொடுமுடிப் பிள்ளை தன் மூளையைப் பழிக்க மாட்டான். தமிழ் வாழ்க என்னும் முழக்கத்திற்கு அதனினும் சிறந்த பொருள் வேறில்லை. எழுதுகோல் எடுக்க!