பிரெஞ்சு பயில்வோர் எதைப் பயில்கின்றனர்?

மொழிப்பற்றுக்கு எடுத்துக்காட்டு வேண்டும்போதெல்லாம் நாம் பிரெஞ்சுக்காரரையே சுட்டிக்காட்டி வந்திருக்கின்றோம். 'ஆங்கிலச்சொல் தம் மொழியுள் புகாவண்ணம் சட்டமிட்டுத் தடுக்கும் மக்களைப் பாருங்கள்' என்று நம் மேடைகளில் முழங்காதார் இலர். அவ்வாறு முழங்குவோருள் பிரெஞ்சு மொழியில் ஒரு பக்கமேனும் படித்தறிந்தோர் எத்தனை பேர் என்று கேட்டால் விடைசொல்ல நாணுவோம். நாமறிந்த பிரான்சு ஆங்கில நூல்களின் வழியே நம்மிடம் வந்து சேர்ந்த பிரான்சு. ஆகவே, பல்கலைக்கழகத்தில் அம்மொழியை உயர்நிலையில் பயிலும் தமிழ் மாணவரைக் கண்டு, 'அயன்மொழிக்கு ஆட்பட்டார்' என்று நம்மவர் சிலர் முகஞ்சுளிப்பதை நாம் ஏற்பதற்கில்லை. அவர் எதைப் பயில்கிறார், எத்துணை ஆழமாகப் பயில்கிறார் என்பவையே கேட்கத்தக்க கேள்விகள்.

மேனிலைப்பள்ளியில் மதிப்பெண்ணுக்காகத் தமிழைக் கைவிட்டுப் பிரெஞ்சை எடுக்கும் பிள்ளைகளைப் பற்றி இங்குப் பேசவில்லை. அவர்கள் தமிழையும் கற்பதில்லை, பிரெஞ்சையும் கற்பதில்லை. அந்த இழிநிலையைப் பற்றி வேறோர் இடத்தில் எழுதுவோம்.

உயர்நிலைப் பயிற்சி என்பது வேறு. ஐரோப்பிய மொழிகளின் பயிற்சிக்கு 2001-இல் வகுக்கப்பட்ட படிகள் ஆறு. ஐந்தாம் படிக்குரிய பிரெஞ்சுத் தேர்வில், ஏறத்தாழ ஆயிரம் சொற்கள் கொண்ட கட்டுரைகளைக் கொடுத்து, அவற்றின் சாரத்தை இருநூற்றுச் சொச்சம் சொற்களில் தரச் சொல்கின்றனர். அதில் எழுதுவோன் தன் கருத்தைத் துளியும் கலக்கலாகாது. அதன் பின்னரே, அதே பொருள் பற்றித் தன் கருத்தை நிறுவித் தனியே ஒரு கட்டுரை எழுதவேண்டும். பிறர் சொன்னதை ஒழுங்காகச் சொல்லக் கற்றவனுக்கே தன் கருத்தைச் சொல்ல இடந்தருகின்றனர். (நம் மேடைப் பேச்சாளர் சிலர்க்கு இத்தேர்வை வைத்துப் பார்க்கலாம்.)

இப்படிநிலையை எட்டியபின், வெறும் இலக்கணத்தால் ஓரடியும் முன்னேற இயலாது. இற்றைப் பிரெஞ்சுக் குமுகாயத்தை அறியாமல் இற்றைப் பிரெஞ்சு விளங்காது. ஓர் எடுத்துக்காட்டு: பாரிசின் புறநகர் இளைஞர் சொற்களின் அசைகளை முன்பின்னாகப் புரட்டிப் பேசுவர். 'அராப்' என்னும் சொல்லைப் புரட்டிப் 'பேர்' என்றாக்கினர். வட ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறியோர்க்குப் பிரான்சில் பிறந்த பிள்ளைகளுக்கு அது பெயராயிற்று. 1983-இல் மார்சேயிலிருந்து பாரிசு வரை சமனுரிமை கேட்டு நடந்த நெடும்பயணத்தைச் செய்தித்தாள்கள் அச்சொல்லாலேயே அழைத்தன. சொல் இவ்வாறு ஊர்ப்பொதுவாகிவிடவே, இளைஞர் அதனையும் மீண்டும் புரட்டி 'இரெபே' என்றனர். அகரமுதலியைப் பார்த்தால் அச்சொல்லின் பொருள் கிடைக்கும். தம் பெயரைத் தாமே தலைகீழாக்கிக் கொண்டவர்களின் நெஞ்சம் கிடைக்குமா? அதற்கு 1954 முதல் 1962 வரை நடந்த அல்சீரிய விடுதலைப் போரைப் படிக்கவேண்டும். ஆலைகளுக்கு ஆள் கொணர்ந்த வரலாற்றைப் படிக்கவேண்டும். நகரின் புறத்தே எழுந்த அடுக்கு வீடுகளின் வாழ்வைப் படிக்கவேண்டும். 'இலாயிசித்தே' என்பதும் அத்தகையதே. 'சமயச் சார்பின்மை' என்று பெயர்த்துவிட்டு நகர்வோர்க்கு, 1905-இல் அரசையும் திருச்சவையையும் பிரித்த சட்டமும், 2004-இல் பள்ளி மாணவர் சமய அடையாளங்களை வெளிப்படையாக அணிவதைத் தடுத்த சட்டமும் ஒரே சொல்லின் பெயரால் இயற்றப்பட்டது ஏன் என்பது விளங்காது.

இனி, நமக்கு நேரே தொடர்புடைய செய்திக்கு வருவோம். பிரெஞ்சுக் குமுகாயத்தைப் பயிலும் மாணவர் அதன் மொழிச்சட்டங்களையும் பயில்கிறார். நாம் போற்றும் செயல்கள் யாவும் அங்கு உள்ளன. 1539-இல் முதலாம் பிரான்சுவா மன்னன், அறமன்ற ஆவணங்களை இலத்தீனை விடுத்துப் பிரெஞ்சிலேயே எழுதுக என்று வில்லேர்-கொத்தெரே என்னுமிடத்தில் ஆணையிட்டான். அவ்வரண்மனையிலேயே 2023-இல் பிரெஞ்சு மொழிக்கென ஒரு பெருநிலையம் திறக்கப்பட்டது. 1635-இல் இரிசெலியூ நாற்பதின்மர் கொண்ட பிரெஞ்சுக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் தன் அகரமுதலியின் ஒன்பதாம் பதிப்பை 2024-இல்தான் முடித்தது. 1955-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் புதிய பொறிக்குப் பெயர் கேட்டபோது, சொர்போன் பல்கலைக்கழகத்தின் இலத்தீன் பேராசிரியர் சாக்கு பெரே, உலகை ஒழுங்குபடுத்தும் இறைவனைக் குறித்த ஒரு பழஞ்சொல்லை எடுத்து 'ஒர்தினாத்தேர்' என்று தந்தார். இன்று பிரான்சில் எந்தக் குழந்தையும் கணிப்பொறிக்கு வேறு பெயர் சொல்வதில்லை. சட்டத்தை விடச் சொல்லாக்கமே வென்றது என்பதைக் கருதுக. 1994-ஆம் ஆண்டுத் துபோன் சட்டம் விளம்பரங்களிலும் பணியிடங்களிலும் பிரெஞ்சை இன்றியமையாததாக்கியது; ஆயினும், தனியார் இன்ன சொல்லைத்தான் வழங்கவேண்டும் என்று அரசு கட்டளையிட முடியாதென அரசமைப்பு மன்றம் அச்சட்டத்தின் ஒரு பகுதியை அப்பொழுதே நீக்கிவிட்டது. நம் மேடைகளில் இப்பாதி சொல்லப்படுவதில்லை.

சொல்லப்படாத இன்னொரு பாதி உண்டு. அது கொடியது.

1794-ஆம் ஆண்டு சூன் மாதம், புரட்சி அரசின் பேரவையில் கிரெகுவார் என்னும் சமயத் துறவி ஓர் அறிக்கை படித்தார். நாட்டில் பிரெஞ்சைத் தூய்மையாகப் பேசுவோர் முப்பது நூறாயிரத்துக்கு மேல் இலர். அறுபது நூறாயிரம் பேர் அதனை அறியவே மாட்டார். ஆகவே பிற பேச்சுகளை அழித்தொழிக்கவேண்டும் என்பது அவ்வறிக்கை. சமனுரிமை பேசிய அதே பேரவைதான் அடுத்த ஆண்டிலேயே அரபும் துருக்கியமும் பாரசீகமும் மலாயும் கற்பிக்கப் பாரிசில் ஒரு கீழைமொழிப் பள்ளியையும் நிறுவியது. பிற்காலத்தில் தமிழும் அங்குக் கற்பிக்கப்பட்டது. தொலைவிலுள்ளான் மொழியைக் கற்கப் பள்ளி. அண்டை வீட்டான் மொழியை அழிக்க அறிக்கை!

அறிக்கையை நிறைவேற்றியவை பிற்காலப் பள்ளிக்கூடங்கள். பிரெத்தானி நிலத்தில், தாய்மொழியாகிய பிரெத்தோனைப் பேசிவிட்ட குழந்தையின் கழுத்தில் ஒரு மரச்செருப்பை அல்லது அதுபோன்ற ஒன்றை மாட்டினர். அதனைக் கழற்றவேண்டுமாயின், அக்குழந்தை தாய்மொழி பேசும் வேறொரு குழந்தையைக் காட்டிக்கொடுக்கவேண்டும். மாலையில் எவன் கழுத்தில் அது தொங்கியதோ அவனுக்கு ஒறுப்பு. தென்பகுதியின் ஒக்சிதான் மொழியார் தமக்கு நேர்ந்ததை 'வெர்கோஞ்ஞா' என்பர். 'நாணம்' என்பது அதன் பொருள். ஆங்கிலப் பள்ளியில் தமிழ் பேசியதற்காகத் தண்டம் கட்டிய பிள்ளைகளின் பெற்றோர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

பழங்கதை என்று தள்ளிவிடவும் இயலாது. 1992-இல் 'குடியரசின் மொழி பிரெஞ்சு' என்னும் வரியை அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்தபோது அவர்கள் அஞ்சியது ஆங்கிலத்தை. ஆனால் அவ்வேலியில் சிக்கியவை சிறுமொழிகள். சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய உடன்படிக்கையில் பிரான்சு 1999-இல் கையெழுத்திட்டது. அதன் சில பகுதிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று அரசமைப்பு மன்றம் அதே ஆண்டில் கூறியது. உடன்படிக்கை இன்றளவும் உறுதிசெய்யப்படவில்லை. 2021 ஏப்பிரலில், பாடங்களைப் பெரிதும் வட்டார மொழியிலேயே நடத்தும் பள்ளிமுறையை ஏற்கும் சட்டமொன்று நிறைவேறியது. மே 21-ஆம் நாள் மன்றம் அப்பகுதியை நீக்கியது. இதற்கிடையில், பல்கலைக்கழகங்களில் ஆங்கிலவழிப் பாடங்களுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டமே கதவை அகலத் திறந்துவிட்டது. வேலி யாருக்கு, வழி யாருக்கு என்பதை நன்கு நோக்குக!

இதனைச் சொல்வதால் நம் இயக்கத்திற்கு இழுக்கு வருமென்று அஞ்சும் அன்பர்கள் இருக்கலாம். பிரெஞ்சை முன்காட்டி நாம் கேட்கும் உரிமை, பிரெத்தோன் குழந்தையின் கழுத்தில் தொங்கிய மரச்செருப்பை மறைத்துத்தான் நிற்குமென்றால், அது நிற்கவேண்டியதில்லை. பெரே ஆக்கிய சொல்லைப் போன்று நூறு சொற்களை நாமும் ஆக்குவோம். அச்செருப்பை நம் பள்ளிகளுக்குக் கொணரோம். நீலமலையில் தோடர் வீட்டுப் பிள்ளையின் பேச்சும் ஒரு தாய்மொழியே என்பதை நாமே எத்தனை முறை நினைத்திருக்கின்றோம்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் பேசிய பிரெத்தோனை, 2024-இல் எடுத்த கணக்கின்படி பேசுவோர் ஏறத்தாழ 1,07,000 பேர். அம்மொழிக்கென 1977-இல் பெற்றோர் தொடங்கிய பள்ளிகளுக்குத் 'தீவான்' என்று பெயர். முளைவிடுதல் என்பது அதன் பொருள். 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னும் அவை மூடப்படவில்லை. அத்தீர்ப்பு சில பக்கங்களே உடையது. பிரெஞ்சை உயர்நிலையில் பயிலும் நம் மாணவர் எவரேனும், ஆங்கிலத்தின் வழியாக அன்றி மூலத்திலிருந்தே அதனை நேரே தமிழாக்கி அனுப்பினால், அடுத்த இதழில் முழுமையாக வெளியிடுவோம்.