காலாப்பட்டுச் செம்மண்ணும் மழைநீரும்

முல்லைக்குச் செம்மண் காடென்றும் நெய்தலுக்குக் கடற்கரையென்றும் வகுப்பறையில் பிரித்துக் கற்பிக்கிறோம். காலாப்பட்டிலோ இரண்டும் ஒட்டிக் கிடக்கின்றன. மேற்கே செம்மண் மேடு, கிழக்கே வங்கக்கடல்.

ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் பகுதி இது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மரமற்ற செம்மண்மீது துளிகள் அறையும்போது மேற்பரப்பு ஏடுபோல் இறுகுகிறது. உள்ளிறங்க வழியற்ற நீர், மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடைகள் வழியே கடல் சேர்கிறது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுவையில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் பெய்தது. அன்று வெள்ளத்தில் தத்தளித்த நாமேதான் சித்திரையில் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்துகிறோம். கடலோரத்தில் நன்னீரை அளவின்றி இறைத்தால் நிலத்தடியில் உப்புநீர் உட்புகும். புகுந்தது எளிதில் விலகாது.

மாற்றுவழி தொலைவில் இல்லை. அருகிலுள்ள செம்மண் மேட்டில் 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அவ்விடம் பெரும்பாலும் வெட்டவெளி. வரப்புக் கட்டி, நீரைத் தேக்கி, மரம் நட்டார்கள். இன்று காடு நிற்கிறது. அங்கு நடந்த பிறவற்றில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம், வரப்பில் இல்லை.

இறந்த பூமியை மழையால் உயிர்ப்பிப்பதை இறைவனின் அத்தாட்சியாகத் திருமறை பலவிடங்களில் எடுத்துரைக்கிறது. அவ்வருளைச் சிமெண்டுத் தளத்தால் தடுப்பது முறையா? வீடு கட்டுவோர் மனை முழுவதையும் தளமாக்கலாகாது. கல்லூரி வளாகங்களின் மழைநீர் சாக்கடைக்குப் போகலாகாது. ஜமாஅத்தார், பள்ளிவாசலில் ஒளுச் செய்த நீரைத் தென்னைக்கேனும் திருப்பலாம். அதற்கொரு வாய்க்கால் வெட்ட ஒரு நாள் போதும்.