மருந்துக்கு ‘அனுமதி’ வந்ததும் பங்கு வாங்கலாமா? பயோகானின் இடோலிசுமாப் கதை

காலை ஒன்பதரை மணி. கொரட்டூர் ஸ்டேஷனில் லோக்கலுக்கு நிற்கிறீர்கள். போனில் ஒரு நோட்டிஃபிகேஷன்: ‘பயோடெக் நிறுவனத்தின் மருந்துக்கு அவசர அனுமதி’. ரயில் வில்லிவாக்கம் போய்ச் சேர்வதற்குள் பத்து ஷேர் வாங்கிவிடலாம். ஆப் அவ்வளவு ஈஸி. ஆனால், அந்த ‘அனுமதி’ எதற்கு, எந்த அளவுக்கு என்று பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

2020-ல் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். பெங்களூருவின் பயோகான் நிறுவனத்திடம் இடோலிசுமாப் என்ற ஊசி மருந்து இருந்தது. சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்காக 2013-லேயே விற்பனைக்கு வந்தது. கொரோனா முற்றும்போது உடம்பின் எதிர்ப்பு சக்தியே எல்லை மீறி நுரையீரலைத் தாக்கும் இல்லையா, அதை இந்த மருந்து அடக்குமா என்று மும்பையிலும் டெல்லியிலும் பரிசோதித்தார்கள். மொத்தம் 30 நோயாளிகள். மருந்து பெற்ற 20 பேரும் பிழைத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 10 பேரில் 3 பேர் இறந்தார்கள். அந்த ஜூலையில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவசரகால அனுமதி தந்தார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், 30 பேர் என்றால் பீக் ஹவரில் நம் லோக்கல் பெட்டியின் ஒரு வாசலில் தொங்குகிறவர்கள், அவ்வளவுதான். அந்த 3 மரணம் 1 ஆக இருந்திருந்தால் மொத்த முடிவுமே மாறியிருக்கும். ‘இவ்வளவு சின்ன ஆய்வை நம்பியா?’ என்று மருத்துவர்கள் பலர் அப்போதே கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான்.

அனுமதி வேறு, விற்பனை வேறு

முதலீட்டாளர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். இடோலிசுமாபுக்குக் கிடைத்தது நிபந்தனையோடு கூடிய அனுமதி. மருத்துவமனையில் மட்டுமே போட வேண்டும், நோயாளியிடம் எழுத்துபூர்வ சம்மதம் வாங்க வேண்டும். ஒரு குப்பி சுமார் 8,000 ரூபாய். ஒருவருக்கு நான்கு குப்பி என்று கணக்குப் போட்டால் 32,000 ரூபாய். குளிர்பதனத்திலேயே வைத்து அனுப்ப வேண்டிய சரக்கு வேறு.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி, அதே மாதத்திலேயே தேசிய கோவிட் பணிக்குழு இதைச் சிகிச்சை நெறிமுறையில் சேர்க்க மறுத்தது. நெறிமுறையில் இல்லாத மருந்தை அரசு மருத்துவமனைகள் மொத்தமாக வாங்குவது கடினம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதுபோன்ற பெரிய வாடிக்கையாளர் வராவிட்டால், அனுமதிக் கடிதம் இருந்தும் விற்பனை வளராது.

பயோகானுக்கு இது நூறில் ஒரு மருந்து. தாங்கிக்கொள்ளும். ஆனால், அமெரிக்காவில் இதன் உரிமையை வைத்திருந்த எக்விலியம் அன்று இந்த ஒரே மருந்தை நம்பியிருந்த குட்டி நிறுவனம். இந்தியாவில் அனுமதி என்ற செய்தி வந்ததும் அதன் பங்கு சில நாட்களில் பல மடங்கு ஏறியது. பிறகு இறங்கியது. 2024-ல் ஜப்பானின் ஓனோ நிறுவனம் மருந்தை வாங்கும் வாய்ப்பைக் கைவிட்டது. எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பின் வரும் சிக்கலுக்கான மூன்றாம் கட்டப் பரிசோதனையிலும் மருந்து 2025 மார்ச்சில் இலக்கைத் தொடவில்லை.

மருந்து ஆராய்ச்சியில் தோல்வி சகஜம், அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நம் கோபம் வேறு. எத்தனை பேரிடம் சோதித்தார்கள், என்ன நிபந்தனை என்ற இரண்டு விவரமும் பங்குச் சந்தைக்குத் தரும் அறிவிப்பின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும் என்று செபி ஏன் கட்டாயமாக்கக் கூடாது? அதுவரைக்கும் இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. இணையதளத்தில் மருந்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள். எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்பது அங்கேயே இருக்கும், இலவசமாக. அடுத்த ரயில் வருவதற்குள் படித்துவிடலாம்.