படைப்பாளிக்குப் பின்னால் ஒருவர்

சென்ற தவணை விடுமுறையில் தம்பியுடன் 'ஸ்பிரிட்டட் அவே' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்த்தேன். முடிவில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் தம்பி நிறுத்தப் போனான். நான் தடுத்தேன். இயக்குநர் ஹயாவோ மியாசாகியை எனக்கு முன்பே தெரியும். தயாரிப்பாளர் தொஷியோ சுசுகியின் பெயரை அன்றுதான் கவனித்தேன். தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அவரைப் பற்றித் தேடி வாசித்த பிறகு என் எண்ணம் மாறியது.

1948இல் நாகோயாவில் பிறந்த சுசுகி, கெயோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்றவர். 1972இல் தொகுமா ஷோட்டென் பதிப்பகத்தில் சேர்ந்தார். அந்நிறுவனம் 1978இல் ஆரம்பித்த 'அனிமேஜ்' சஞ்சிகையில் பணியாற்றியபோதுதான் மியாசாகியுடன் நெருக்கம் ஏற்பட்டது. மியாசாகி சமர்ப்பித்த படத் திட்டம், அதற்கு மூலமான சித்திரக்கதை எதுவும் இல்லை என்பதால் ஏற்கப்படவில்லை. சஞ்சிகையினர் அத்துடன் விட்டுவிடவில்லை. சித்திரக்கதை இல்லாததுதான் குறையென்றால் முதலில் அதை உருவாக்குவோம் என்று முடிவெடுத்தார்கள். 1982 முதல் 'நவுசிகா' அச்சஞ்சிகையில் தொடராக வந்தது. 1984இல் அது படமானது. அதன் வெற்றியால் 1985இல் கிப்லி கலையகம் உருவானது.

1989இல் சுசுகி கிப்லியில் முழுநேரமாக இணைந்தார். அவ்வாண்டு வெளியான 'கிகிஸ் டெலிவரி சேர்விஸ்' படத்தில் நிப்பொன் தொலைக்காட்சியும் பங்காளியானது. அந்தத் தொலைக்காட்சியின் தலைவராக இருந்த செயீசிரோ உஜீயே, கிப்லியின் பெரும் ஆதரவாளர். இயக்குநர் இசாவோ தகஹாதா இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்று விரும்பி, 'இளவரசி ககுயாவின் கதை' உருவாகத் துணை நின்றவர் அவரே. 2011இல் அவர் காலமானார். 2013இல்தான் படம் வெளிவந்தது. செலவான பணத்தை அது திரையரங்குகளில் ஈட்டவில்லை. ஆனால் அந்தப் படம் இன்று உலகத்திடம் இருக்கிறது.

2023இல் மியாசாகியின் 'த போய் அன்ட் த ஹெரன்' படத்தை ஜப்பானில் முன்னோட்டமோ விளம்பரமோ இன்றி, ஒரேயொரு சுவரொட்டியுடன் வெளியிடத் துணிந்தவர் சுசுகி. அடுத்த ஆண்டு அப்படம் ஒஸ்கார் விருது பெற்றது.

அவரிடம் குறை இல்லையென்று நான் சொல்லவில்லை. தமக்குப் பின் கலையகத்தைப் பொறுப்பேற்க ஒருவரை உள்ளேயே உருவாக்க முடியாமல் போனது. 2023இல் கிப்லி, நிப்பொன் தொலைக்காட்சியின் துணை நிறுவனமானது. தலைவர் பதவியும் அந்தத் தொலைக்காட்சியின் அதிகாரி ஒருவருக்குச் சென்றது. பிறர் திறமையைக் காப்பவர், தமக்குப் பின்னால் வருபவரையும் பயிற்றுவிக்க வேண்டும் என்பதே இதில் நான் கற்றது.

இதை ஏன் எழுதுகிறேன்? நான் கவிதை எழுதுபவள் அல்ல. தமிழ்த் தினப் போட்டிகளில் பரிசு எடுத்தவளும் அல்ல. ஆனால் தரம் எட்டுத் தங்கையொருத்தி கிழித்தெறியப் போன கதையை வாங்கி, அவளுடன் இருந்து மூன்று முறை திருத்தி எழுத வைத்தேன். அவளுடைய பெயர் அச்சில் வரும்போது எனக்கு வரும் சந்தோஷம் சிறியதல்ல. பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கையைத் தெரிவுசெய்ய விரும்புவதாகச் சொன்னபோது வாப்பா, "அதுல என்ன தொழில் மகள் இருக்கு?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்று சொல்கிறேன் வாப்பா. ஒருவரின் திறமையை முதலில் அடையாளம் காண்பதும், அதற்குப் பணமும் நேரமும் தேடிக் கொடுப்பதும், மற்றவர்கள் மறுத்த பின்னும் வேறு வழி பார்ப்பதும் தொழில்தான். இலக்கியம் படித்த ஒருவர் அந்தத் தொழிலைச் செய்து காட்டியிருக்கிறார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை மேடையில் இல்லை என்று கவலைப்படாதீர்கள். மேடைக்குப் பின்னால் அவள் என்ன செய்கிறாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.