மறுபடியும் ஊருக்கு வெளியே

கிராமத்துல ஊர் வேற, சேரி வேற. பட்டணத்துல அது இருக்காதுன்னு நம்பித்தான் எங்க அப்பா தலைமுறை சென்னைக்கு ரயிலேறியது. கூவம் கரையில், அடையாற்றங்கரையில் குடிசை போட்டது. 1971 குடிசைப் பகுதிச் சட்டத்தில் இருந்த இடத்தையே மேம்படுத்த வழி உண்டு. அப்படிக் கட்டிய மாடிக் குடியிருப்புகள் நகரத்துக்குள் இன்றும் நிற்கின்றன. 2000க்குப் பிறகு வாரியம் பிடித்த பாதை வேறு: கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோர ஜனங்களை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அது எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரத்தில். தண்ணியிலிருந்து காப்பாத்தித் தண்ணியிலேயே விட்டார்கள்! அதே சதுப்பைத் தின்ற கட்டடங்களுக்கு ‘வளர்ச்சி’ என்று பேர்.

மயிலாப்பூருக்கு வீட்டுவேலைக்குப் போகும் அக்கா விடியுமுன் பஸ் பிடிக்கணும். பையன் வேலை கேட்டுப் போனால் ‘கண்ணகி நகரா?’ என்கிறார்கள். சாதி கேட்க வேண்டியதில்லை, விலாசம் போதும். 2021இல் வாரியத்தின் பெயரிலிருந்து ‘குடிசை’யை எடுத்துவிட்டு ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாடு’ என்று வைத்தார்கள். குடிசை போனது பெயரிலிருந்துதான்.

திட்டம் போடும் ஐயாமாரே, நாங்கள் கேட்பது இருந்த இடத்தில் வீடு. உங்கள் சாக்கடை அள்ள நாங்கள் ஊருக்குள்ளே வேணும், படுத்துத் தூங்க மட்டும் 20 கிலோமீட்டர் தள்ளிப் போகணுமா?